சபையில் எல்லா வேலையும் செய்கிறேன், ஆனால் மனதுக்குள் கணக்கு ஓடுகிறது. ஊழியக்கார சிந்தை எப்படித்தான் வரும்?

கெடிலக்கரையான் (கடலூர்):

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் மஞ்சக்குப்பம் பக்கம், லுத்தரன் சபை. வாலிபர் சங்கத்தில் இருக்கிறேன். ஆராதனைக்கு முன்னால் நாற்காலி போடுவது, மைக் செட் பார்ப்பது, லெந்து (தவக்கால) கூட்டங்களுக்கு டீ போட்டுக் கொடுப்பது, வயசானவர்களைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது என்று என்ன வேலை வந்தாலும் என் தலையில்தான் விழும். விழுகிறது என்றுகூடச் சொல்லக் கூடாது, பாதி வேலையை நானே போய் எடுத்துக்கொள்கிறேன்.

சமீபத்தில் பிலிப்பியர் 2-ல் இருந்து பிரசங்கம். "கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது." தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார் என்று ஐயா சொன்னபோது கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை. முடிந்து வெளியே வருகிறேன், சபைச் சங்கத்தில் இருக்கும் ஒருவர், என்னைவிட ரொம்ப மூத்தவரும் கிடையாது, கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே "தம்பி, அந்த மேசையை உள்ள போட்டுடு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். மேசையை உள்ளே போட்டேன். ஆனால் ராத்திரி படுக்கிற வரைக்கும் அவருக்கு மனதுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட நல்ல பதிலாக.

வேலை செய்வதில் எனக்குச் சங்கடமே இல்லை. உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து யார் நன்றி சொன்னார், யார் சொல்லவில்லை, எந்தப் போட்டோவில் நான் இல்லை என்று எழுதிக்கொண்டே இருக்கிறான். இவனை எப்படி எழுப்பி வெளியே அனுப்புவது? தயவுசெய்து "ஜெபம் பண்ணுங்க பிரதர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதைச் செய்துகொண்டுதான் கேட்கிறேன்.


கிருபை_போதும்:

பிரைஸ் த லார்ட் பிரதர். சோர்ந்து போகாதீர்கள், பரலோகத்தில் உங்கள் பலன் மிகுதியாயிருக்கும். ஜெபித்துக்கொள்கிறேன், நீங்களும் ஜெபம் பண்ணுங்க 🙏


முதுநகர் வாத்தியார் (கடலூர் ஓ.டி.):

மேலே இருக்கும் பதிலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி, பலன் மிகுதியாயிருக்கும் என்று சொன்னால் உங்கள் கணக்குப்பிள்ளைக்கு இன்னும் ஒரு பேரேடு வாங்கிக் கொடுத்த மாதிரிதான். இங்கே வரவு வைக்காததை அங்கே வரவு வைப்பான். அதனால் அந்த வழி உங்களுக்கு உதவாது. நீங்கள் மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் பின்பாதியை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நாம் வழக்கமாக 45-ஆம் வசனத்தை மட்டும் பிடுங்கி சுவரில் மாட்டிவிடுகிறோம், "மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்னால் யாக்கோபும் யோவானும் வருகிறார்கள். நாங்கள் கேட்பதைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். இயேசு அவர்களிடம், நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். ஒருவனுக்கு வலது பக்கம், ஒருவனுக்கு இடது பக்கம் நாற்காலி என்கிறார்கள். (மத்தேயுவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். சிபாரிசு!) மற்ற பத்துப் பேருக்கும் எரிச்சல். ஏன் எரிச்சல்? தாழ்மையில்லாமல் கேட்கிறார்களே என்ற வருத்தமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, தாங்கள் கேட்க நினைத்ததை இவர்கள் முந்திக் கேட்டுவிட்டார்களே என்றுதான் இருக்கும். லூக்கா 22-ல் கடைசி இராப்போஜனத்திலேயே யார் பெரியவன் என்று மறுபடி வாக்குவாதம் பண்ணுகிற கூட்டம்தானே இது.

பின்னால் எரிகோ வழியில் பர்திமேயு. குருடன், பிச்சை எடுக்கிறவன். கூட்டம் அவனைச் சும்மா இரு என்று அதட்டுகிறது. இயேசு நின்று அவனைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று. குருடனுக்கு என்ன வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கிறார். ராஜ்யத்தில் நாற்காலி கேட்ட சீஷர்களுக்கும் வழியோரப் பிச்சைக்காரனுக்கும் ஒரே கேள்வி, நடுவில் அந்த 45-ஆம் வசனம்.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் பதிவிலேயே "நானே போய் எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்காலி, மைக், டீ எல்லாம் நீங்களாக எடுத்தது, அவை எதுவும் உங்களைச் சுடவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு மேசைதான் சுட்டது. மேசை ஒன்றும் கனமில்லையே. எந்த வேலை, எப்போது, யாருக்கு என்பதை நாமே தீர்மானிக்கிற வரைக்கும் நாம் முதலாளிதான், சம்பளம் வாங்காத முதலாளி. எதிரில் இருப்பவரிடம் "உங்களுக்கு என்ன செய்யட்டும்" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலுக்கு நிற்கப் பழகுங்கள். பெரும்பாலும் ரொம்பச் சின்ன வேலையாகத்தான் சொல்வார்கள், நம் பெருமைக்குத் தீனியே கிடைக்காது.


முத்தியால்பேட்டை மேரி (புதுச்சேரி):

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் பங்கு ஆலயத்தில் ஒவ்வொரு வருஷமும் பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) பூசையில் சாமியார், அதாவது பாதிரியார், பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதற்கு நடக்கும் போட்டியைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது. அதை விடுங்கள். நான் சொல்ல நினைத்தது வேறு. அன்றைக்குக் காலைக் காட்டப்போகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். என் அப்பா ஒருமுறை உட்கார்ந்தார். உப்பளம் துறைமுகப் பக்கம் சுமை தூக்கினவர், இரண்டு குதிகாலிலும் வெடிப்பு, எத்தனை எண்ணெய் தேய்த்தும் போகாது. சாமியார் குனிந்து காலைத் தொட்டதும் அப்பா சடக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். சாமியார் சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடியே இருந்தார், அப்பா மெதுவாகத் திரும்ப நீட்டினார். வீட்டுக்கு வந்து "மூட்டை தூக்குறதுகூட சுலபம்டீ" என்றார்.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் அதைத்தானே செய்தார். என் கால்களை ஒருபோதும் கழுவக் கூடாது என்கிறார். அதற்கு இயேசு, நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார். நம்மைப் போல ஓடி ஓடி வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் கஷ்டம். தம்பி, நீங்கள் டீ கொடுக்கிறீர்கள் சரி, உங்களுக்கு யாராவது டீ கொடுத்தால் உட்கார்ந்து வாங்கிக் குடிப்பீர்களா, இல்லை "பரவாயில்லை நான் அப்புறம் குடிச்சிக்கிறேன்" என்பீர்களா? பந்தியில் எப்போதும் பரிமாறிக்கொண்டே இருந்து, கடைசியில் நின்றபடி சாப்பிடுகிற ஆளுக்குள்ளும் ஒரு கௌரவம் ஒளிந்திருக்கும். யாருக்கும் நான் கடன்பட்டவன் இல்லை என்கிற கௌரவம். அந்தக் கணக்குப் புத்தகத்தில் பற்று என்ற பக்கமே எழுதப்படாமல் இருப்பதால்தான் வரவுப் பக்கம் உங்களை இப்படிப் படுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

போப் பிரான்சிஸ் 2013-ல் பதவிக்கு வந்த கையோடு ரோமில் சிறார் சிறைக்குப் போய்ப் பாதம் கழுவினார். பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு 2016-ல்தான் பெண்களுக்கும் கழுவலாம் என்று முறைப்படி மாற்றினார்கள். 2025-ல் சாவதற்கு நாலு நாள் முன்னால், பெரிய வியாழனன்று மறுபடி ஒரு சிறைக்குப் போனார், உடம்பு முடியவில்லை, இந்த வருஷம் என்னால் கழுவ முடியாது, ஆனாலும் உங்களோடு இருக்க வந்தேன் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தார். கழுவினதைவிட எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.


சமையற்கூடத்துக்காரி (நெல்லிக்குப்பம்):

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் காரமாக எழுதப்போகிறேன்.

எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு மதியச் சாப்பாடு உண்டு. ஆண்கள் பந்தி பரிமாறுவார்கள், அது கண்ணுக்குத் தெரியும், போட்டோவில் வரும், தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடப்பார்கள். அப்புறம் அந்த அண்டா, குண்டான், வாளி, கரண்டி எல்லாம் ஆலயத்துக்குப் பின்னால் குழாயடிக்கு வரும். சாம்பார் அண்டாவின் அடியில் பிடித்ததைச் சுரண்ட உள்ளே தலையை விட்டுத்தான் தேய்க்க வேண்டும், சேலையெல்லாம் கரி. அங்கே யார் இருப்பார்கள்? நாங்கள் நாலைந்து பெண்களும் கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) வீட்டம்மாவும். ஒவ்வொரு வருஷமும் அதே ஆட்கள். ஊழியக்கார சிந்தை வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை, சிந்தை இருக்கிறதோ இல்லையோ வேலை நடந்துவிடும். என் வீட்டுக்காரரும் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுவார், பார்க்கிறவர்கள் "எவ்வளவு தாழ்மை" என்பார்கள், வீட்டில் குடித்த டம்ளர் குடித்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டது யோவான் 13-ல். அதற்கு முந்தின வசனங்களில் என்ன இருக்கிறது? பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்தார் என்றும் தாம் தேவனிடத்திலிருந்து வந்தார் என்றும் அறிந்து எழுந்தார் என்று இருக்கிறது. தான் யார் என்று தெரிந்த மேலே இருப்பவர் கீழே குனிந்தார். நம் ஊரில் ஏற்கெனவே கீழே அழுத்தி வைக்கப்பட்டவர்களைப் பார்த்துத்தான் தாழ்மையாயிரு என்று அதிகமாகச் சொல்கிறோம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார், சம்பா கோவில் என்கிற கத்தோலிக்க ஆலயத்துக்கு உள்ளேயே ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களைத் தனியாகப் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் போய் நியாயம் கேட்ட பிறகு அது இடிக்கப்பட்டதையும். அன்றைக்கு அவர்கள் "தாழ்மையாக" சுவருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தால் சுவர் நின்றிருக்கும். கேட்டார்கள், அதனால்தான் போனது.

அதனால் கெடிலக்கரைத் தம்பிக்கு என் பதில்: மேசையைப் போடச் சொன்னவர் மேல் உனக்கு வந்த கோபம் முழுவதும் பாவம் என்று நான் நினைக்கவில்லை. சாவியைச் சுழற்றிக்கொண்டு முகம் பார்க்காமல் ஏவுகிற பழக்கத்தைச் சபை சகித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பிரசங்கம் அவருக்கும் சேர்த்துத்தான் பண்ணப்பட்டது. வாத்தியார் ஐயா அவரை விட்டுவிட்டு உன்னைத் திருத்துகிறார்!


முதுநகர் வாத்தியார்:

அம்மா, ஒப்புக்கொள்கிறேன், அவரைப் பற்றி நான் எழுதவில்லை. ஆனால் இங்கே கேள்வி கேட்டவர் தம்பிதானே, சாவிக்காரர் கேட்கவில்லையே. கேட்டால் அவருக்கு இதைவிட நீளமாக எழுதுவேன்.


பெண்ணையாற்று நாணல் (கடலூர்):

நான் அதிகம் வேதம் படித்தவன் இல்லை, வாத்தியார் எழுதினதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ரெயின்போ நகரெல்லாம் படகு விட்டார்கள். நமக்கு அதற்கு அடுத்து வந்ததுதான் அடி, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் உள்ளே போனது.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு டாடா ஏஸ் நிறைய ரொட்டி, தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு போனோம். முன்னால் பேனர் கட்டியிருந்தது, வசனத்தோடு. ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி, சேற்றிலிருந்து எடுத்த தட்டுகளைக் கழுவிக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். ரொட்டியை நீட்டினோம். "ரொட்டி வேணாம் சாமி, வந்தவங்க எல்லாம் ரொட்டிதான் குடுக்கறாங்க. ரெண்டு பேரு உள்ள வந்து அந்தப் பீரோவ நிமித்திக் குடுங்க" என்றார். உள்ளே போனால் முழங்கால் வரைக்கும் வண்டல், பீரோ கதவு கீழே இருக்கிற மாதிரி குப்புற விழுந்து கிடக்கிறது, ரேஷன் கார்டு, பட்டா, பேத்தியின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்ளே. எங்களில் சிலர் தயங்கினார்கள், வெள்ளைச் சட்டை, இன்னும் பல தெரு போக வேண்டியிருக்கிறது, பேனர் வண்டி காத்திருக்கிறது. மூன்று பேர் மட்டும் இறங்கினோம். பீரோவை நிமிர்த்தி, கடப்பாரையால் கதவை நெம்பி, ஈரக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றுக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மற்றவர்கள் வண்டியோடு போய் மிச்ச ரொட்டியைக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

அறிக்கையில் எத்தனை குடும்பம் என்று எழுதும்போது எங்களுக்குப் பிரச்சினை, ஒரு பீரோ என்று எப்படி எழுதுவது. எழுதவில்லை. ஆனால் ரொட்டியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், முதல் நாளில் அதுதான் உயிர். வந்தவர்கள் எல்லாம் கொடுப்பதையே நாமும் கொண்டுபோனோமே தவிர யாரையும் கேட்கவில்லை, அதைச் சொல்கிறேன்.


கெடிலக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. மேரி அக்கா, டீ விஷயம் நேராக வந்து விழுந்தது. யாராவது கொடுத்தால் நான் வாங்க மாட்டேன், நீங்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்வேன்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு சந்தேகம். என்ன செய்யட்டும் என்று கேட்டு நின்றால் ஏறி உட்கார்ந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்களே? எனக்கு வேலை இருக்கிறது, சிப்காட்டில் ஷிப்ட். வீட்டில் அம்மாவுக்கு சர்க்கரை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றால் நான் என்ன ஆவேன்? இல்லை என்று சொன்னால் அது ஊழியக்காரனுக்கு அழகா?


முதுநகர் வாத்தியார்:

தாராளமாகச் சொல்லலாம். யாத்திராகமம் 18 பாருங்கள். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்கிறார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். மோசே கோபப்படவில்லை, ஆட்களைப் பிரித்துவிட்டார். அப்போஸ்தலர் 6-லும் அதுதான், பந்தி விசாரிப்பில் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்ததும் ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை என்பதையும் நெல்லிக்குப்பத்து அம்மாவுக்காகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவன் பாதி நேரம் பயத்தினால் சொல்கிறான், நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று. கலாத்தியர் 1:10-ல் பவுல், நான் இன்னும் மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்லவே என்கிறார். உங்களுக்கு எஜமான் ஒருவர், சங்கத்திலுள்ள எல்லோரும் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பதும் அவருக்குச் செய்கிற வேலைதான், அதற்குப் போட்டோ எடுக்க ஆள் வராது, அவ்வளவுதான்.

முடிந்தால் இன்னொரு காரியம் செய்யுங்கள். மைக் செட் அறைச் சாவி உங்களிடம்தானே இருக்கும்? ஒரு சின்னப் பையனுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து சாவியை அவனிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இல்லாமலும் மைக் வேலை செய்வதை பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் முதலில் சொதப்புவான், அப்போது ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். எங்கள் சபையில் பல வருஷம் ஊழியம் செய்த ஒருவர் பாத்திர அறைச் சாவியைக் கடைசி வரை யாரிடமும் கொடுக்கவில்லை. அவர் வெளியூர் போனால் சபைக்குப் பாத்திரம் கிடையாது. மூன்றாம் யோவானில் முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான், அவனும் ஒரு காலத்தில் நாற்காலி போட்டுத்தான் ஆரம்பித்திருப்பான் என்று எனக்கு ஒரு ஊகம், வேதத்தில் இல்லை.


முத்தியால்பேட்டை மேரி:

தியோத்திரேப்பு எங்கள் அன்பியத்திலும் (பங்கிலுள்ள குடும்பங்களின் சின்னக் குழு) இருக்கிறார் ஐயா 😄


சமையற்கூடத்துக்காரி:

சாவி சரி. சாவியோடு அண்டா தேய்க்கும் நாரையும் கைமாற்ற வேண்டும் என்று வாத்தியார் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் பாத்திரம் கழுவ ஒரு பட்டியல் போடச் சொல்லிச் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆண் பெண் எல்லோர் பேரும், வீட்டு வரிசைப்படி, சங்க உறுப்பினர்கள் உட்பட. எங்கள் போதகர் ஐயா பேரையும் சேர்த்திருக்கிறேன். அதுதான் இப்போது சண்டை. ஐயரைக் குழாயடியில் உட்கார வைப்பதா என்று மூத்தவர்கள் குதிக்கிறார்கள், ஐயா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்.


பெண்ணையாற்று நாணல்:

ஐயா வருவதாக இருந்தால் தேதி சொல்லுங்கள், நாங்கள் மூன்று பேர் கடப்பாரையோடு வருகிறோம், அடிப்பிடித்த அண்டாவுக்கு உதவும்.


கிருபை_போதும்:

ஒரு விஷயம் கேட்கலாமா, எங்கள் சபையிலும் இப்படிப் பட்டியல் போடலாம் என்று பார்க்கிறேன். வீட்டு வரிசைப்படி போட்டால் வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?


சமையற்கூடத்துக்காரி:

அவர்களுக்கு வெங்காயம் உரிக்கும் வேலை, முந்தின நாள் சாயங்காலம், உட்கார்ந்தபடி. அவர்களிடமே கேட்டுத்தான் போட்டேன். ஒரு தாத்தா மட்டும் வெங்காயம் வேண்டாம், கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வாழையிலை துடைக்கிறேன் என்றார். போட்டாயிற்று.